‘கிராப்’: கேட்காமல் நீளும் கை

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது எனக்கு அடிக்கடி இடறும் சொல் ஒன்று உண்டு. ஒருவன் ஓடிவந்து, நடந்துபோகிறவரின் தோளில் தொங்கும் பையை எடுத்துக்கொண்டு மறைகிறான். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே வினைதான்: ‘கிராப்’. ‘பையைப் பிடித்தான்’ என்று எழுதினால், கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லி அவரே கொடுத்ததுபோல் ஆகிவிடும். ‘பையை எடுத்தான்’ என்றால் அது அவனுடைய பையோ என்று வாசிப்பவர் நினைப்பார். ‘பறித்தான்’ என்பதுதான் பொருந்தும். சரி, முடிந்தது என்று இரண்டு பத்தி தள்ளிப் போனால், படியில் கால் வழுக்கிய முதியவர் ஓரத்துக் கம்பியை ‘கிராப்’ செய்து தப்பினார் என்று வருகிறது. கம்பியை யாரும் பறிப்பதில்லை. அங்கே ‘சட்டென்று பற்றிக்கொண்டார்’ என்று மாற்ற வேண்டும். கடைசியில், அலுவலகத்து நண்பர்கள் இருவர் ‘போய் ஒரு காபி கிராப் பண்ணலாமா’ என்று பேசிக்கொள்கிறார்கள். அதைப் பறிப்பது என்றும் சொல்ல முடியாது, பற்றிக்கொள்வது என்றும் சொல்ல முடியாது. ‘ஒரு காபி குடிச்சிட்டு வரலாமா’ என்பதுதான் தமிழ்.

பறி, பற்று, குடி. தமிழில் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வினைகள். ஆங்கிலம் அவற்றை ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. எதைக் கொண்டு கட்டியது?

அகராதி ‘திடீரெனக் கையால் பற்றுதல்’ என்ற அளவில் நின்றுவிடும். அது தப்பில்லை, ஆனால் போதாது. இந்தச் சொல்லோடு பல காலம் மல்லுக்கட்டியதில் எனக்குப் பட்டது வேறு. ‘கிராப்’ என்பதற்குள் வேகம் இருக்கிறது; அந்த வேகத்தோடு ஒட்டிக்கொண்டு, கை நீளும் முன் யாரிடமும் கேட்காத தன்மையும் இருக்கிறது. பையைப் பறித்தவன் உரியவரைக் கேட்கவில்லை. விழப்போனவருக்குக் கேட்க நேரமில்லை. காபிக்குப் போகிறவர்களோ, நமக்குள் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். ஒரே கேட்காமை ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் உயிர் பிழைக்கும் வழி, ஓரிடத்தில் நெருக்கம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் உறவுகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் இது தற்செயலாக அமைந்ததல்ல என்று தெரிகிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைத்துவிடலாம். தமிழில் ‘கிராப்பு’ என்றால் பலருக்கு முதலில் தலைமுடி வெட்டுதான் நினைவுக்கு வரும். பயிரையும் வெட்டுதலையும் குறிக்கிற வேறொரு ஆங்கிலச் சொல் நம் வாயில் அப்படி ஆனது. நாம் பேசுவது கையால் பற்றுகிற ‘கிராப்’.

இந்த வினை ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 1580களில். டச்சு மொழியின் பழைய வடிவத்திலும், வட ஜெர்மனியின் கரையோரம் வழங்கிய கீழ் ஜெர்மன் மொழியிலும் இருந்த ‘கிராப்பென்’ என்ற வினைதான் இதன் மூலம். இரண்டுமே துறைமுக மொழிகள். வடகடலிலும் பால்டிக் கடலிலும் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் பேசியவை. கப்பலின் ‘டெக்’, கப்பல் தலைவனான ‘ஸ்கிப்பர்’ எல்லாம் இதே பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. கொள்ளையடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவனைக் குறிக்கும் ‘ஃப்ரீபூட்டர்’ என்ற சொல்லும் அதே 16ஆம் நூற்றாண்டில் டச்சிலிருந்து வந்ததுதான். அது என்ன காலம் என்றால், ஸ்பெயின் அரசுக்கு எதிராக டச்சு மாகாணங்கள் கிளர்ந்தெழுந்திருந்த காலம். 1585இல் நான்சச் ஒப்பந்தத்தின்படி இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் அவர்களுக்குத் துணையாகப் படை அனுப்பினார். ஆங்கிலச் சிப்பாயும் மாலுமியும் டச்சுக்காரரோடு தோளுரசி நின்ற ஆண்டுகள் அவை. திருச்சபையின் லத்தீனிலும் நீதிமன்றத்தின் பிரெஞ்சிலும் கிடைக்காத ஒரு கரடுமுரடு இந்தச் சொல்லின் ஒலியிலேயே இருக்கிறது. தொண்டையில் தொடங்கி, உதடு பட்டென்று மூடும்போது முடிந்துவிடுகிறது. சொல்லிப் பாருங்கள், கை மூடுவதுபோலவே இருக்கும்.

‘கிராப்பென்’னுக்கு மேலே போனால் குடும்பம் பெரிது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு ஆராய்கிறவர்கள், கை நீட்டிப் பற்றுவதைக் குறிக்கும் ஒரு மூலவேரை மீட்டுருவாக்கி, இதையும் அதன்கீழ் வைக்கிறார்கள். அந்த வேரின்கீழ் வரும் இன்னொரு சொல், வேத மொழியில் பற்றுதலைக் குறிக்கும் ‘க்ரப்’. பிற்காலச் சமஸ்கிருதத்தில் அதன் கடைசி ஒலி தேய்ந்து ‘க்ரஹ்’ ஆயிற்று. இந்த இடத்தில் கதை நமக்குத் தெரிந்த சொற்களுக்குள் வந்துவிடுகிறது. கிரகம், கிரகணம், கிரகித்தல், சங்கிரகம், அனுக்கிரகம் எல்லாம் ‘க்ரஹ்’ வழி வந்தவை. (‘ஆக்கிரமிப்பு’ இதில் சேராது. பொருளால் பக்கத்து வீடுபோல் தெரிந்தாலும் அதன் வேர் காலடி எடுத்துவைப்பதைக் குறிக்கும் வேறொரு வினை. மிதித்து ஏறி வருவதுதான் ஆக்கிரமிப்பு. அது கையின் வேலை அல்ல, காலின் வேலை.)

கிரகம் என்றால் பற்றுவது, பிடித்து ஆட்டுவது. வானத்தில் அலையும் ஒளிகள் மனிதரைப் பிடிக்கும் என்ற நம்பிக்கையோடு கலந்த பெயர். கிரகணம் என்றால் பற்றுதல். சூரியனையோ சந்திரனையோ ராகு பற்றுகிறது. தமிழில் நாம் அதை எப்படிச் சொல்கிறோம் என்று கவனியுங்கள்: ‘கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும்?’ ‘எப்போது விடும்?’ சொல்லைக் கடன் வாங்கிய பிறகும் அதற்குள் ஒரு கை இருப்பதைத் தமிழ்க் காது மறக்கவில்லை. பற்றுதல் என்ற பொருளுள்ள சொல்லின் மேலேயே மறுபடி பிடி, விடு என்று இரண்டு வினைகளைப் போட்டுக்கொண்டது. கடன் வாங்காமலும் தமிழ் இதைச் சொல்லியிருக்கிறது. ‘கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று’ என்கிறது 1146ஆம் குறள். காதலனைக் கண்டது ஒரே நாள். ஊர்ப் பேச்சோ நிலவைப் பாம்பு பிடித்த செய்திபோல் எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. அங்கே வினை ‘கொள்’. பாம்பு நிலவைக் கொண்டது. அந்தக் ‘கொள்’தான் பின்னால் வினைகளின் வாலில் ஒட்டிப் பற்றிக்கொள், புரிந்துகொள், வைத்துக்கொள் என்று நம் பேச்சு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பற்றும் வினைகளுக்கு இந்தக் குணம் உண்டு. கையில் தொடங்கி இலக்கணத்துக்குள் குடியேறிவிடும். ‘அதைப் பற்றிப் பேசு’ என்னும்போது ‘பற்றி’யில் இருப்பதும் அந்தப் பழைய பற்றுதல்தான்.

வேத மொழிக்கே திரும்பினால், ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 85ஆம் பாடல் திருமணப் பாடல். அதில் மணமகன் மணமகளிடம் ‘க்ருப்ணாமி தே ஸௌபகத்வாய ஹஸ்தம்’ என்று சொல்கிறான். நல்வாழ்வுக்காக உன் கையைப் பற்றுகிறேன் என்பது பொருள். ‘க்ருப்ணாமி’ என்பதில் அந்தப் பழைய உதட்டொலி இன்னும் தேயாமல் இருக்கிறது. பாணிக்கிரகணம் என்று திருமணத்துக்குப் பெயர் வந்ததும், ‘கரம் பிடித்தார்’ என்று தமிழ் சொல்வதும் இந்த ஒரே செயலை வைத்துத்தான். லண்டன் தெருவில் பையைப் பறித்தவனின் வினையும் மணவறையில் கை பற்றுகிறவனின் வினையும் ஒரு கொடியில் பூத்தவை என்று முதன்முதலில் தெரிந்துகொண்டபோது, நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே வைத்திருந்தேன்.

இந்தியக் கிளை இந்த வேரை உள்ளே, மனத்துக்குள் கொண்டுபோனது. கிரகித்தல் என்பது அறிவால் பற்றுதல். ‘எனக்கு அது பிடிபடவில்லை’ என்று தமிழில் சொல்வதும் அதே பாதை. ‘ஆக்கிரகம்’ என்பது விடாமல் பற்றி நிற்றல். தென்னாப்பிரிக்காவில் தன் போராட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமென்று காந்தி தன் பத்திரிகையில் கேட்டபோது, அவருடைய உறவினர் மகன்லால் காந்தி, நல்லதில் உறுதியாக நிற்றல் என்ற பொருளில் ‘சதாக்கிரகம்’ என்று எழுதி அனுப்பினார். காந்தி அதைச் சத்தியாக்கிரகம் என்று திருத்திக்கொண்டார். உண்மையை விடாப்பிடியாகப் பற்றுதல். எந்தப் பொருளையும் கையால் தொடாத ஒரு பற்றுதல் அது.

ஈரான் பக்கம் போன கிளை அரியணைக்குப் போனது. கெர்மான்ஷா அருகே பெஹிஸ்துன் மலைப்பாறையில் பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் கிட்டத்தட்ட கி.மு. 520இல் வெட்டிவைத்த கல்வெட்டில், கௌமாதன் என்ற பூசாரி அரசைக் கைப்பற்றினான் என்று சொல்லும் இடத்தில் வரும் பழம்பாரசீக வினை ‘அகர்பாயதா’. நடுவில் ‘கர்ப்’ என்று கேட்கிறதே, அதுதான் நம் வேர். தன் எதிரி உரிமையில்லாமல் எடுத்துக்கொண்டான் என்று ஊருக்கு அறிவிக்க ஓர் அரசன் தேர்ந்த சொல் அது. இன்றைய பாரசீகத்தில் அது ‘கெரெஃப்தன்’, சாதாரணமாக எடு, வாங்கு என்ற பொருளில். அதன் வழியே இந்தி, உருதுவில் ‘கிரஃப்தார்’, அதாவது கைது. ஸ்லாவிய மொழிகளிலோ அது நேரே கொள்ளைக்குப் போய்விட்டது. ரஷ்ய மொழியில் ‘கிராபித்’ என்றால் கொள்ளையடி. தோட்டத்தில் சருகு வாரும் நீள்காம்பு வாரி ‘கிராப்லி’. பல்லுள்ள ஒரு பொருள் தரையெல்லாம் வாரிச் சுருட்டுவதைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று விளங்கும்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். 1580களில் ‘கிராப்’ வந்திறங்கியபோது அங்கே பற்றும் வினைகளுக்குப் பஞ்சம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுத்தலுக்கு ‘நிமன்’ என்று ஒரு வினை இருந்தது. வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகளின் ‘டேக்’ அதைத் தள்ளிவிட்டு அமர்ந்துகொண்டது. ‘நிமன்’ இன்று மரத்துப்போதலைக் குறிக்கும் ‘நம்ப்’ போன்ற ஒன்றிரண்டு சொற்களில்தான் மிஞ்சியிருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்ட நிலை என்பது அதன் முதல் பொருள். அப்புறம் 1066இல் நார்மன்கள் வந்தார்கள். அவர்களுடைய பிரெஞ்சு வழியாக ‘கேட்ச்’, ‘சீஸ்’ என்ற இரண்டும் வந்தன. இத்தனை பேர் இருந்தும் ‘கிராப்’புக்கு இடம் கிடைத்தது என்றால், அவர்கள் யாரும் செய்யாத ஒரு வேலை பாக்கி இருந்தது என்றுதான் அர்த்தம்.

‘கேட்ச்’ ஏன் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை? அதற்கு அசைகிற பொருள் வேண்டும். மேசைமேல் கிடக்கும் புத்தகத்தை ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ செய்ய முடியாது. யாராவது அதை வீச வேண்டும். பந்து, மீன், திருடன், புறப்படப்போகும் ரயில், எல்லாமே ஓடிக்கொண்டிருப்பவை. இதற்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. லத்தீனில் பற்றுவதைக் குறிக்கும் ‘காப்பெரே’யிலிருந்து, திரும்பத் திரும்பப் பற்ற முயல்வதைக் குறிக்கும் ‘காப்தாரே’ வந்தது. அது பிரெஞ்சில் வேட்டையாடுதல் என்று ஆனது. நார்மண்டிக்காரர் உச்சரிப்பில் வந்தது ‘கேட்ச்’. பாரிஸ் பக்கத்து உச்சரிப்பில் பின்னால் வந்தது, துரத்துதலைக் குறிக்கும் ‘சேஸ்’. ஒரே சொல் இரண்டு வழியில் வந்து, ஒன்று துரத்தலையும் மற்றொன்று அதன் முடிவையும் பங்கிட்டுக்கொண்டன. கிரிக்கெட் விதிகளின் 33ஆம் பிரிவு இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு கேட்ச், பந்து ஆட்டக்காரரின் உடலில் படும்போது தொடங்குகிறது. பந்தின் மேலும் தன் சொந்த அசைவின் மேலும் அவருக்கு முழுக் கட்டுப்பாடு வரும்போதுதான் முடிகிறது. பந்தும் ஓடுகிறது, பிடிப்பவரும் ஓடுகிறார். இரண்டு ஓட்டமும் அடங்கினால்தான் அது கேட்ச். ‘கிராப்’ அப்படி எதையும் கேட்பதில்லை. பொருள் அசையலாம், அசையாமல் கிடக்கலாம். அசைவு கையில் இருந்தால் போதும்.

‘சீஸ்’ இன்னும் சுவையானது. இன்று அது வன்முறையாகப் பற்றுவதைக் குறிக்கும், சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்வதற்கும் அதுதான் சொல். ஆனால் அதன் பழைய பொருள் நிலச் சட்டத்தைச் சேர்ந்தது. ஒருவரை ஒரு நிலத்துக்கு உடையவராக அமர்த்துவதும் ‘சீஸ்’தான். அந்த உடைமைக்கு ‘சீசின்’ என்று பெயர். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் கைமாறுவதென்றால், விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே நடந்துபோக வேண்டும். சாட்சிகள் சுற்றி நிற்க, விற்பவர் குனிந்து புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்தோ, மரத்திலிருந்து ஒரு சுள்ளியை ஒடித்தோ வாங்குபவரின் கையில் வைப்பார். கை மூடியதும் நிலம் அவருடையது. எழுத்துப் பத்திரம் பரவிய பிறகும் இந்த முறை சட்டத்தில் உயிரோடு இருந்தது. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம்தான் நிலத்தை இப்படிக் கைமாற்ற முடியாது என்று முடித்துவைத்தது. ஆக, ‘சீஸ்’ என்பது எவ்வளவு கடுமையாக ஒலித்தாலும் அதன் பின்னால் சாட்சியும் சடங்கும் ஓர் உரிமைப் பேச்சும் நிற்கின்றன. இன்றும் அரசு எடுத்தால் ஆங்கிலம் ‘சீஸ்’ என்றே எழுதும். அதே அரசை விமர்சிக்கிறவர் எழுதினால் அது ‘கிராப்’ ஆகிவிடும்.

அந்தக் கடைசி வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘கிராப்’ என்று சொல்கிறவர் நடந்ததை மட்டும் சொல்வதில்லை, அதில் உரிமை இருந்ததா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். இதை அயர்லாந்து காட்டியதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை.

1870களின் இறுதியில் அங்கே விளைச்சல் பொய்த்தது. வாடகை கட்ட முடியாத குத்தகை விவசாயிகளை நிலக்கிழார்கள் வெளியேற்றினார்கள். 1879இல் குத்தகை விவசாயிகளுக்காகப் போராட அயர்லாந்து நிலக் கழகம் பிறந்தது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர். வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் பண்ணையை இன்னொரு விவசாயி குத்தகைக்கு எடுத்தால், அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘லேண்ட் கிராப்பர்’, நிலப்பறியர். கவனியுங்கள், அவர் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. நிலக்கிழாரிடம் முறையாகக் குத்தகை பேசி, பணம் கட்டி, கையெழுத்துப் போட்டவர். ஆனால் அதுவரை அங்கே உழுதவனை அவர் கேட்கவில்லை. ஊருக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

1880 செப்டம்பர் 19 அன்று கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் நகரில் பார்னெல் பேசினார். பக்கத்து வீட்டுக்காரன் வெளியேற்றப்பட்ட பண்ணைக்கு ஏலம் கேட்கிறவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சுட வேண்டும் என்று குரல்கள் வந்தன. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். தெருவில் பார்த்தால் பேசாதீர்கள், கடையிலும் சந்தையிலும் பேசாதீர்கள், வழிபாட்டு இடத்திலும் ஒதுக்குங்கள் என்றார். சில நாளில் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்மீது இந்த ஒதுக்கல் பாய்ந்தது. அறுவடைக்கு ஆளில்லாமல், வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஏறக்குறைய 50 பேர் பெரிய ராணுவப் பாதுகாப்போடு வந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அவருடைய பெயரே ‘பாய்காட்’ என்று உலகமெங்கும் வினையாகிவிட்டது. பாய்காட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆயுதம் முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது மறந்துபோனது. அது ‘கிராப்’ செய்தவருக்காகச் செய்யப்பட்டது.

அதே சொல் 2008இல் மறுபடி உலக அரசியலுக்கு வந்தது. உணவு விலை உயர்ந்திருந்த ஆண்டு அது. பணமுள்ள நாடுகளும் நிறுவனங்களும் ஏழை நாடுகளில் பெரும் நிலப்பரப்புகளைக் குத்தகைக்கு எடுக்கத் தொடங்கின. தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கவிருப்பதாக அந்த நவம்பரில் செய்தி வந்ததும் தீவு கொதித்தது. 2009 மார்ச்சில் அதிபர் ரவலோமனானாவின் ஆட்சி கவிழ்ந்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். அடுத்து வந்த ரஜோலினா அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். உலகம் இந்தப் போக்குக்கு வைத்த பெயர் ‘லேண்ட் கிராப்’. இங்கும் தாளும் முத்திரையும் பேச்சுவார்த்தையும் இருந்தன. அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைக் கேட்பது மட்டும்தான் இல்லை. தமிழில் ‘நில அபகரிப்பு’ என்கிறோம். பொருள் சரி. ஆனால் ‘அபகரிப்பு’ காவல் நிலையத்துச் சொல்லாகத் தொனிக்கிறது. ‘நிலப்பறி’ என்று எழுதினால் அந்தக் கையின் வேகம் திரும்பி வருகிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவு கனமான சொல்தான் எப்படியோ காபிக் கோப்பையிலும் வந்து உட்கார்ந்தது. இதில் அமெரிக்கப் பேச்சுவழக்குக்குப் பங்கு அதிகம். ‘ஒரு நாற்காலியை கிராப் பண்ணி உட்காருங்க’ என்றால் பிடுங்கச் சொல்வதில்லை. தயங்காமல் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று உரிமை கொடுப்பது. கேட்க வேண்டாம் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார், அதனால் கேட்காமையில் இருந்த குற்றம் கழன்றுவிட்டது, வேகம் மட்டும் மிஞ்சியது. யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கலாம் என்ற நிலையில் உள்ள பொருளை ‘அப் ஃபார் கிராப்ஸ்’ என்பதும் 1940களில் அமெரிக்காவில் பரவிய வழக்கு. 1960களில் இன்னொரு திருப்பம்: ‘இது உன்னை எப்படி கிராப் செய்கிறது?’ என்றால், இது உனக்குப் பிடித்திருக்கிறதா என்று பொருள். ஆங்கிலத்தில் அது அன்றைய புதுப்பேச்சு. தமிழுக்கோ அது மிகப் பழகிய சங்கதி. ‘எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும்’ என்று நாம் ஆயிரம் முறை சொல்லும்போது, பாட்டுதான் நம்மைப் பிடிக்கிறது என்பதை யோசிப்பதே இல்லை.

தென்கிழக்கு ஆசியாவில் இருக்கும் தமிழருக்கு ‘கிராப்’ என்றால் முதலில் வாடகை வண்டி அழைக்கும் கைப்பேசிச் செயலிதான். 2012இல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்று தொடங்கி, சிங்கப்பூருக்குத் தலைமையகம் மாறி, 2016இல் ‘கிராப்’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட நிறுவனம் அது. 2018இல் ஊபரின் தென்கிழக்கு ஆசியத் தொழிலையும் வாங்கிக்கொண்டது. ‘கிராப் புக் பண்ணிட்டேன், வந்துடுவேன்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. காத்திருக்காமல் சட்டென்று ஒரு வண்டி என்பதுதான் அந்தப் பெயர் சொல்லும் செய்தி. 16ஆம் நூற்றாண்டின் மாலுமிச் சொல்லிலிருந்து அவசரத்தை மட்டும் வடித்தெடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சின்ன விலகல். பழைய ஆங்கிலக் கடல் ஆவணங்களை வாசிக்கிறவர்கள் இந்தியப் பெருங்கடலில் ‘கிராப்’ என்ற ஒருவகைக் கப்பலைச் சந்திப்பார்கள். மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயிடம் அவை இருந்தன; கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களை அவை பிடித்ததுண்டு. பிடிக்கிற கப்பல் என்பதால் அந்தப் பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது அரபு மொழியின் ‘குராப்’, காக்கை இனத்துப் பறவையின் பெயர். மராத்தியில் ‘குராப்’ ஆகி, ஆங்கில மாலுமிகளின் வாயில் தெரிந்த ஒரு சொல்லின் வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. வேர் வேறு, தொழில் மட்டும் ஒத்துப்போய்விட்டது.

மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்தால், இப்போது நான் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே யாரைக் கேட்டிருக்க வேண்டும்? உரியவர் ஒருவர் இருந்து அவரைக் கேட்கவில்லை என்றால் பறி, பிடுங்கு, அபகரி. கேட்க நேரமே இல்லை என்றால் சட்டென்று பற்று, எட்டிப்பிடி. கேட்கவே தேவையில்லை என்றால் அந்த வினையை விட்டுவிட்டு குடி, உட்கார், எடுத்துக்கோ என்று எழுதுகிறேன். இதிலும் அடங்காமல் ஒன்று பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. குளியலறைச் சுவரில் பொருத்தும் கம்பிக்கு ஆங்கிலத்தில் ‘கிராப் பார்’ என்று பெயர். தமிழில் கைப்பிடி என்கிறோம். ஆனால் கைப்பிடி என்றால் கதவிலும் இருக்கிறது, வாளியிலும் இருக்கிறது. நிதானமாகப் பிடிக்கும் பொருள் அது. இந்தக் கம்பியைப் போகிற போக்கில் பிடித்து நடக்கலாம் என்றாலும், அதன் உண்மையான வேலை ஈரத்தரையில் கால் நழுவுகிற அரை நொடியில்தான்.

அந்த அரை நொடிக்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வந்த கட்டுமான விதிகளைப் பார்த்தால் தெரியும். கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். உருண்டைக் கம்பி என்றால் அதன் குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்திலிருந்து 2 அங்குலம் வரை, விரல்கள் சுற்றி மூடுகிற அளவு. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சரியாக ஒன்றரை அங்குல இடைவெளி. கை நுழையும், ஆனால் விழுகிற வேகத்தில் முழங்கை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளாது. எந்த இடத்தில் பிடித்துச் செங்குத்தாகவோ கிடைமட்டமாகவோ இழுத்தாலும் 250 பவுண்டு விசையை, அதாவது ஏறக்குறைய 113 கிலோ எடையை, அது தாங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, திசை தெரியாமல், முழு உடம்பும் தொங்க நீளுகிற ஒரு கையை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு இது. நான் இப்போது அதை ‘தாங்குகம்பி’ என்று எழுதிவருகிறேன்.